சுரங்கமும் கோப்பியும் வேலும்: தம்புசாமிப் பிள்ளை

மலாயாத் தமிழர் என்றவுடன் தோட்டத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞருமே நம் நினைவில் எழுவர். இவ்விரு வகையுள்ளும் அடங்காதவர் தம்புசாமிப் பிள்ளை. 1850இல் சிங்கப்பூரிற் பிறந்து, இராபிள்ஸ் கல்விக்கூடத்திற் பயின்று, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுதுவினைஞராயமர்ந்தார். 1875இல் டேவிட்சன் செலாங்கூரின் பிரித்தானிய வதிவாளராக நியமனம் பெற, இவரும் உடன்சென்றார். அங்கே திறைசேரியில் தலைமை எழுதுவினைஞராகி, சில வேளைகளிற் பதிற் பொருளாளராகவும் கடமையாற்றினார்.

அப்பதவியோடு அமைந்திருப்பின் அவர் பெயர் அரசாங்க ஏடுகளிலேயே அடங்கியிருக்கும். அதனை விடுத்து, வெள்ளீயச் சுரங்கத்திலும் கோப்பிச் செய்கையிலும் முதலிட்டார். இலங்கையில் நோயால் அழிந்த கோப்பி, அங்கே அப்போது தழைத்துக்கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலிற் சீனப் பெருவணிகர் லோக் இயூ அவருக்குக் கூட்டாளி. ரவாங்கில் இருவரும் நடத்திய சுரங்கத்தில் 1894இல் மின்விசை இயங்கிற்று. மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கம் அதுவே என்பர். 1893இல் தோன்றிய விக்டோரியாக் கல்விக்கூடத்தின் முதற் தர்மகர்த்தாக்களுள்ளும் இருவரும் இருந்தனர்.

கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவரும் இவரே. ஆயினும் மக்கள் அவரை அறிவது பத்துமலையாலேயே. குகைவாயில் வேல்வடிவாய்த் தோன்றியமையால் அங்கே வேல் நாட்டினார் என்பது வழக்கு. 1892இல் தைப்பூச விழாவும் தொடங்கிற்று. அவரது பக்தி மெய்யே. ஆனால் அவரைப் பக்தராக மட்டும் போற்றுவோர், அச்செல்வம் வந்த வழியை மறக்கின்றனர். சுரங்கங்களிற் சீனரும் தோட்டங்களில் தமிழரும் சிந்திய வியர்வையும் அத்திருப்பணியில் உண்டு.

கோப்பி விலை வீழ்ந்து, றப்பர் தலையெடுக்கத் தொடங்கிய வேளையில், 1902இல் அவர் காலமானார்.