36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் இருந்து புயலைக் கண்காணிக்கும் இன்சாட் செயற்கைக்கோள்கள்: செயல்படுவது எப்படி?

திருவனந்தபுரம்: கடந்த 2017 நவம்பர் 29 அன்று இலங்கை அருகே வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக்கடல் பகுதியில் ஒக்கி புயலாக வலுப்பெற்றது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் புயலில் சிக்கி உயிரிழந்தனர். பலர் கரை திரும்பவே இல்லை. வானிலை செயற்கைக்கோள்களின் தேவையையும் எல்லையையும் அந்தப் பேரிடர் ஒருசேர உணர்த்தியது.

ஒரே இடத்தில் நிற்பது ஏன்?

நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தனது சுற்றையும் முடிக்கிறது. எனவே தரையில் இருந்து பார்க்கும்போது அது அசையாமல் நிற்பது போலத் தோன்றும். இதுவே புவிநிலைச் சுற்றுப்பாதை எனப்படுகிறது. இங்கிருந்து ஒரே கடற்பரப்பை இரவு பகலாகத் தொடர்ந்து கவனிக்க முடியும். தாழ்வான பாதையில் செல்லும் செயற்கைக்கோள்களோ ஓரிடத்தை நாளுக்குச் சில முறை மட்டுமே கடக்கின்றன.

இந்தியாவின் முதல் பிரத்யேக வானிலை செயற்கைக்கோளான மெட்சாட், 2002 செப்டம்பர் 12 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் நினைவாக, 2003-இல் அதற்கு கல்பனா-1 எனப் பெயர் மாற்றப்பட்டது. பின்னர் இன்சாட்-3டி (2013), இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) ஆகியவை செலுத்தப்பட்டன. இவற்றில் கடைசி இரண்டையும் ஜிஎஸ்எல்வி ராக்கெட் சுமந்து சென்றது. அந்த ராக்கெட்டின் உருவாக்கத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை அமைப்புகள் மையமும் முக்கியப் பங்கு வகித்தன.

கருவிகள் காண்பது என்ன?

இன்சாட்-3டி வரிசையின் படமெடுக்கும் கருவி ஆறு அலைவரிசைகளில் இயங்குகிறது. பகலில் மேகங்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது பதிவு செய்கிறது. இரவில் பூமியும் மேகங்களும் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு படம் கிடைக்கிறது. மேகத்தின் உச்சி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு குளிராக இருக்கும் என்பதால், மிகக் குளிர்ந்த மேகங்கள் தீவிர இடிமழையின் அடையாளமாகக் கருதப்படுகின்றன. மற்றோர் அலைவரிசை, கண்ணுக்குப் புலப்படாத நீராவியின் பரவலைக் காட்டுகிறது.

அடுத்தடுத்த படங்களில் மேகங்கள் நகர்ந்த தொலைவைக் கணக்கிட்டு, அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகமும் திசையும் அறியப்படுகின்றன. 19 அலைவரிசைகள் கொண்ட மற்றொரு கருவி, வளிமண்டலத்தின் வெவ்வேறு உயரங்களில் நிலவும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கிறது. புயல் மேகங்களின் வடிவத்தையும் உச்சி வெப்பநிலையையும் கொண்டு அதன் வலிமையை மதிப்பிட, அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோராக் உருவாக்கிய முறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

எல்லைகள் என்ன?

அகச்சிவப்புக் கதிர்கள் அடர்ந்த மேகத்தை ஊடுருவுவதில்லை. ஆகவே மேகத்துக்குக் கீழே வீசும் காற்றையும் பெய்யும் மழையையும் நேரடியாக அளக்க இயலாது. இக்குறையைத் தாழ்வான பாதையில் செல்லும் நுண்ணலைச் செயற்கைக்கோள்கள், டாப்ளர் ரேடார்கள், கடலில் மிதக்கும் மிதவைகள் ஆகியவை ஈடுசெய்கின்றன. கரைக்கு அருகே உருவாகி விரைவில் வலுப்பெறும் புயல்களில், எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு.

ஒக்கி புயலுக்குப் பின், 2018-இல் திருவனந்தபுரத்தில் தனிப் புயல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. எனினும் கரையில் வெளியாகும் எச்சரிக்கை, கைப்பேசித் தொடர்பு எட்டாத தொலைவில் உள்ள படகுகளைச் சென்றடைவதே பெரும் சவாலாக இருந்தது. இதற்காக இஸ்ரோ உருவாக்கிய இரண்டாம் தலைமுறை அபாய எச்சரிக்கைக் கருவி 2024-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆபத்தில் உள்ள மீனவர் அனுப்பும் தகவல் மீட்புக் குழுவினருக்குக் கிடைத்துவிட்டது என்ற பதிலையும், புயல் குறித்த முன்னெச்சரிக்கையையும் செயற்கைக்கோள் வழியாக நேரடியாகப் படகுக்கே இக்கருவி கொண்டு சேர்க்கும் என்பது குறிப்பிடத்தக்கது.