சொட்டு மருந்தும் ஒரு வதந்தியும்

பித்தளை வேலைக்குப் பெயர்போன மொராதாபாத்திலும், பூட்டுத் தொழிலுக்குப் பெயர்போன அலிகாரிலும், அவற்றைச் சூழ்ந்த மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களிலும் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு வதந்தி வீடு வீடாகச் சென்றது. குழந்தைகளின் வாயில் அரசாங்க ஊழியர்கள் விடும் போலியோ சொட்டு மருந்து உண்மையில் நோயைத் தடுப்பதற்கானதன்று என்றும், அதை உண்ட குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளைப்பேறே வாய்க்காது என்றும், முஸ்லிம்களின் ஜனத்தொகையைக் குறைப்பதற்காகச் செய்த சூழ்ச்சி அது என்றும் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளான 1,600 குழந்தைகளில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் முஸ்லிம் குடும்பத்துக் குழந்தைகளின் தொகை, ஜனத்தொகையில் அச்சமூகத்தின் விகிதத்தைக் காட்டிலும் மிக அதிகம்.

இதை அறியாமையின் விளைவு என்று பட்டணத்தில் இருந்துகொண்டு சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயமான தீர்ப்பன்று. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் எண்பது லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது என்பதையும், அவர்களில் எத்தனையோ பேர் நிர்ப்பந்தத்தின் பேரில் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதையும், அந்தக் கட்டாயத்தை எதிர்த்துத் திரண்ட ஜனங்கள்மீது 1976 அக்டோபரில் அதே மேற்கு உத்தரப் பிரதேசத்து முஸாபர்நகரில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தப் பிரதேசத்துத் தாய்மார்களின் பயம் வானத்திலிருந்து குதித்ததன்று என்பது விளங்கும். பாட்டன் காலத்தில் பட்ட காயம் பேரன் காலத்தில் சந்தேகமாக வெளிப்பட்டது.

சந்தேகத்தை வளர்க்க வேறொரு காரணமும் இருந்தது. நெருக்கமான குடியிருப்பும், சாக்கடையும், ஓயாத வயிற்றுப்போக்கும் கூடிய அவ்விடங்களில், ஒவ்வொரு தவணைச் சொட்டு மருந்தும் பிற மாகாணங்களில் அளித்த அளவு பலனை அளிக்கவில்லை. ஆகவே ஊழியர்கள் திரும்பத் திரும்ப வர வேண்டியதாயிற்று. பல தடவை மருந்து உண்ட குழந்தைகளில் சிலருக்கும் கால் விளங்காமற்போயிற்று. குடிநீரும் பாதையும் ஆஸ்பத்திரியும் கேட்டால் காதில் வாங்காத சர்க்கார், கேட்காத இந்த மருந்தை மட்டும் ஏன் மாதந்தோறும் வாசலுக்கே கொண்டுவருகிறது என்று அந்த ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சுவரொட்டியிலும் வானொலியிலும் விடை இல்லை. சில இடங்களில் அதிகாரிகள் கையாண்ட அதட்டலோ, பழைய காயத்தைக் கீறிவிட்டதேயன்றி வேறு பலன் தரவில்லை.

விடை சொன்னவர்கள் அந்தந்தத் தெருவிலேயே வாழ்ந்த பெண்கள். 2001ஆம் ஆண்டு முதல் யூனிசெப் முதலிய ஸ்தாபனங்களின் உதவியுடன் உருவான ஜனத்தொடர்பு அமைப்பில், உச்ச நிலையில் சுமார் ஏழாயிரம் பேர் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வேலை செய்தார்கள். சொற்ப ஊதியம் பெற்று, ஒருவருக்குச் சில நூறு வீடுகள் என்று பொறுப்பேற்றுக்கொண்ட அவர்கள், தம் பகுதியில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், கர்ப்பிணிகளின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். மருந்து கொடுக்கும் தினத்துக்கு முன்பே தாய்மார்களைக் கூட்டிப் பேசினார்கள். 'புலாவா டோலி' என்று அழைக்கப்பட்ட சிறுவர் கூட்டம், சந்து சந்தாகக் கோஷமிட்டுக் குழந்தைகளை மருந்துச் சாவடிக்கு இட்டுச் சென்றது. மருந்து உண்ட குழந்தையின் இடக்கைச் சுண்டு விரலில் மை இடப்படும். மறுநாள் முதல், பனிக்கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகளை வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் ஊழியர்கள் அந்த மையைப் பார்ப்பார்கள். எல்லாக் குழந்தைகளும் மருந்து உண்டுவிட்ட வீட்டின் கதவோரம் சுண்ணக்கட்டியால் 'பி' என்றும், ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும் 'எக்ஸ்' என்றும் குறியிடுவார்கள். 'எக்ஸ்' குறியிட்ட வீட்டுக்குத்தான் அத்தெருவுக்குப் பொறுப்பேற்ற பெண் மறுபடி போக வேண்டும். ஒரு தடவை அன்று, பல தடவை. அவள் குழந்தையும் அதே மருந்தை உண்டு அதே சந்தில் ஓடி விளையாடுவதை மறுப்புச் சொன்ன தாய் தினந்தோறும் பார்க்கிறாள். இதற்கு ஈடான பிரசாரம் எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்பெண்கள் போலியோவைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் கதவுகள் திறந்திரா. கை கழுவும் பழக்கம், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், மற்றத் தடுப்பூசிகள் என்று, வீட்டார் உண்மையாகவே கவலைப்பட்ட விஷயங்களில் முதலில் அவர்கள் உதவினார்கள்.

ஆண்களின் பக்கத்தில் இந்தக் காரியத்தை இமாம்கள் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மருந்து நாளை அறிவித்தார்கள்; வெள்ளிக்கிழமைத் தொழுகையில் கூடியவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள்; தம் வீட்டுக் குழந்தைகளுக்கு எல்லாரும் காணச் சொட்டு மருந்து கொடுத்தவர்களும் உண்டு. அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையும், டில்லி ஜாமியா மில்லியாவும், ஜாமியா ஹம்தர்தும் தம் பெயரின் கௌரவத்தை இந்தப் பிரயத்தனத்துக்கு அளித்தன. கொடுப்பவர் யார் என்பது மருந்தின் குணத்தைப் போலவே முக்கியமானது என்பதற்கு நைஜீரியாவும் சாட்சி. அந்நாட்டின் வடபகுதியில் உள்ள கானோ மாகாணம் இதே வதந்தியால் 2003இல் சொட்டு மருந்தை நிறுத்திவைத்தது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்து வந்த பிறகே, 2004இல், அதை மறுபடி ஏற்றது.

முன்னேற்றம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2006இல் மொராதாபாத் பிரதேசத்தில் நோய் மறுபடி மூண்டது. 2009இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அத்தொகை 42ஆகக் குறைந்தது. இரண்டு வகைக் கிருமிகளை ஒருங்கே தடுக்கும் புதிய மருந்து 2010இல் வந்தது இதற்குப் பெரிய காரணம். ஆனால் மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும், அதை வாங்கிக்கொள்ள வாயைத் திறக்கும் குழந்தையும், திறக்கச் சம்மதிக்கும் தாயும் வேண்டும். கடைசி நோயாளியான குழந்தை 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் நோய்வாய்ப்பட்டது. 2014 மார்ச் 27இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பிரதேசம் போலியோ அற்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது.

விழாக்களில் மந்திரிகளின் பெயர்களும் நடிகர்களின் பெயர்களும் சொல்லப்பட்டன. அந்தந்தத் தெருவின் பெண்கள் எழுதிய பதிவேடுகளோ, எந்த வீடு எப்போது மறுத்தது, என்ன சொல்லி மறுத்தது, யார் பேசி இணங்கியது என்ற சரித்திரத்தைத் தாங்கியவை. அத்தகைய ஆதாரம் வேறு எங்கும் கிடைக்காது. அவற்றை எழுதிய பெண்களில் பலர் இன்றும் வாழ்கிறார்கள். அலிகாரிலும் லக்னோவிலும் உள்ள சர்வகலாசாலைகள், எஞ்சிய ஏடுகளைக் கரையானுக்கு விட்டுவிடாமல் சேகரிக்கவும், அப்பெண்களின் வாய்மொழியை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யவும் முன்வர வேண்டும்.