எஃப்.டி.பி. வழிக் கோப்பு ஒத்திசைவு

சொந்தக் கணினியிலுள்ள கோப்புகளையும் தொலைவில் சர்வரில் இருக்கும் அவற்றின் நகல்களையும் எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை மட்டுமே கொண்டு ஒன்றுபோல் வைத்திருக்கும் முறை. வாடகைச் சர்வரில் எஃப்.டி.பி. கணக்கு மட்டுமே கிடைத்தவர்கள் தங்கள் இணையதளங்களை இப்படித்தான் புதுப்பித்தனர்.

தோற்றம்: கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணத்தில் எஃப்.டி.பி.யை வரையறுத்தார். இன்றும் அடிப்படையாக உள்ள ஆர்.எஃப்.சி. 959, 1985 அக்டோபரில் வெளிவந்தது. கோப்பை அனுப்பவும் பெறவும் அழிக்கவும் பெயர் மாற்றவும் அதில் கட்டளைகள் உண்டு. இரு பக்கமும் உள்ளதை ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டளை இல்லை. அந்த வேலை பயனரின் கணினியில் ஓடும் நிரலின் தலையில் விழுந்தது.

ஒப்பீட்டுச் சிக்கல்: நிரலுக்குக் கிடைக்கும் தடயங்கள் பெயர், அளவு, நேரம் ஆகிய மூன்றுதான். கோயம்புத்தூர் மோட்டார் பம்பு ஒன்றின் விலை 4,950 ரூபாயிலிருந்து 4,980 ஆகிறது என்று கொள்வோம். விலைப்பட்டியலில் ஓர் இலக்கம்தான் மாறுகிறது. கோப்பின் அளவு மாறாததால் அளவை மட்டும் பார்க்கும் நிரல் அதைத் தவறவிடும். நேரத்தைப் பார்த்தால் வேறு தொல்லை. காலை 9.50க்குத் திருத்தி 10 மணிக்கு ஏற்றிய கோப்பை, உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வர் 4.30 என்று காட்டும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை அறியாத நிரல், தன்னிடம் இருப்பதே புதியது என்று ஒவ்வொரு முறையும் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தீர்வுகள்: எல்.எஃப்.டி.பி. நிரலின் 'மிரர்' கட்டளை முழு அடைவையும் ஒப்பிட்டு வேறுபட்டதை மட்டும் அனுப்பும். 'சைட்காப்பி', தான் ஏற்றியதன் குறிப்பைச் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் வேறொருவர் சர்வரில் கைவைத்தால் அந்தக் கணக்கு பிசகும். 2007இல் வந்த ஆர்.எஃப்.சி. 3659, நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே தரும் கட்டளைகளை முறைப்படுத்தியது. உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் 'ஆர்சிங்க்' 1996இலேயே வந்துவிட்டது. ஆனால் அது சர்வரிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

இன்றைய நிலை: எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறையாக்கம் இன்றிப் பயணிப்பதால், 2005இல் வந்த ஆர்.எஃப்.சி. 4217 பாதுகாப்பு உறை சேர்த்தது. 2021இல் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. பழைய வாடகைச் சர்வர்களில் அது இன்னும் புழங்குகிறது.