முழந்தாள் இணையமும் காந்தப் பரிவும்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலின் மூட்டுக்களுள் மிகப் பெரியது முழந்தாள் மூட்டாகும். அதனை நிலைபெறச் செய்பவை தொடையென்பினதும் கணைக்காலென்பினதும் வடிவங்களல்ல. அவற்றைப் பிணைக்கும் இணையங்கள் என்னும் உறுதியான நார்ப்பட்டைகளேயாம். மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் இரண்டு இணையங்களுள் முன்புறக் குறுக்கிணையம், விளையாட்டு வீரர் விரைந்து திரும்பும்போதும் குதித்து ஊன்றும்போதும் அறுவதுண்டு. அறுந்தமை அறியப்படாதுவிடின் மூட்டு அடிக்கடி நழுவும். பிறைவடிவக் கசியிழையமும் நாளடைவிற் சிதையலாம். இதனை மூட்டைத் திறவாமலே அறிவது எங்ஙனம் என்பது வைத்திய உலகை நெடுங்காலம் வருத்திய வினாவாகும்.

குறுக்கிணையங்களைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கேலன் விவரித்தார். எனினும் அவற்றின் தொழிலை 1836இல் ஜேர்மனியின் வேபர் சகோதரரே பரிசோதனை வாயிலாக ஆராய்ந்தனர். இணையங்கள் வெட்டப்பட்டால் கணைக்காலென்பு முன்பின்னாக அளவுமீறி அசைவதை அவர்கள் கண்டனர். பிற்காலத்து வைத்தியரின் கைச்சோதனைகள் யாவும் இவ்வுண்மையின் மீதே எழுந்தன எனலாம்.

1895ஆம் ஆண்டு ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரில் மேயோ றொப்சன், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்கிணையங்களைத் தைத்துச் சீராக்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே ரொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஆயின் என்பைத் தெளிவுறக் காட்டிய அக்கதிர் இணையத்தைக் காட்டவில்லை. அறும் விசையால் என்பின் சிறு துண்டொன்று பெயர்ந்திருந்தால் மட்டுமே அது மறைமுகமாகச் சான்று பகர்ந்தது. அத்தகைய துண்டினைப் பிரான்சியரான பவுல் செகொண்ட் 1879இலேயே விவரித்திருந்தார்.

எனவே வைத்தியர் கண்ணையும் கையையும் நாடினர். 1918இல் தோக்கியோவில் தக்காகி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியால் பிணமொன்றின் முழந்தாளின் உட்புறத்தை நோக்கினார். இம்முறை பின்னர் வளர்ச்சி பெற்றது. எனினும் தோலைத் துளைக்காது அதனைச் செய்தல் இயலாது. கைச்சோதனையிலோ முழந்தாளைச் செங்கோணமாக மடித்து இழுக்கும் பழைய முறை, வலியால் தசைகள் இறுகும்போது பெரிதும் ஏமாற்றியது. சிறிதளவே மடித்துச் சோதிக்கும் முறையை 1976இல் யோசப் டோர்க் வெளியிட்டு, தம் ஆசிரியரான லக்மனின் பெயரை அதற்குச் சூட்டினார்.

இதே காலத்திற் பௌதிகவியலிலிருந்து வேறொரு வழி பிறந்தது. அணுக்கருவின் காந்தப் பரிவை 1946இல் புளொக்கும் பேர்செலும் தனித்தனியே திண்ம, திரவப் பொருள்களிற் கண்டனர். 1973இல் லோட்டர்பர், காந்தப் புலத்தை இடத்துக்கிடம் மாறச் செய்து பரிவுச் சைகைகளிலிருந்து படம் அமைக்கலாமெனக் காட்டினார். 1977இல் டமாடியன் குழுவினர் மனித உடலைப் படமாக்கினர். 2003இல் லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது; தாம் விடப்பட்டமையை டமாடியன் வெளிப்படையாகக் கண்டித்தார்.

1980களில் இம்முறை முழந்தாளுக்கும் பயன்படுத்தப்பட்டது. பெரும்பாலும் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் கருக்களே சைகை தருவன. இணையத்தின் நெருங்கிய கொலாஜன் நார்களிடையே உள்ள நீரின் சைகை விரைந்து மறைவதால், நலமுள்ள இணையம் கரும்பட்டையாகத் தோன்றும். அறுந்தவிடத்து அப்பட்டை தொடர்பிழக்கும். கசிந்த நீர்மம் உரிய படங்களில் வெண்மையாய்ப் புலப்படும். மோதுண்ட என்பின் உட்கன்றலும் தெரியும். எக்ஸ் கதிர்ப் படத்தில் அதனைக் காண்டல் அரிது.

இதனால், நோயறிதலின்பொருட்டு மட்டும் மூட்டைத் துளைக்கும் தேவை பெரிதும் குறைந்தது. ஆயினும் பகுதியளவான அறுகையைப் படம் எப்போதும் தெளிவாக உணர்த்துவதில்லை. மூட்டின் உறுதியின்மையை அசையாப் படத்தினின்றும் நேரே அளக்கவும் இயலாது. பெருஞ்செலவான இப்பொறி கிட்டாத ஊர்களிலோ வைத்தியரின் கையே முதற்கருவியாகும். புதிய பொறி கைத்திறனை நீக்கவில்லை. அதற்குத் துணையாயிற்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.