சைக்கிள் டைனமோவில் பாடிய றேடியோ



போன கிழமை வகுப்பில் நிலைமாற்றி படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் கேட்டான்: "சேர், சண்டைக் காலத்தில சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டது எண்டு அம்மப்பா சொல்லுவார். அப்ப அந்தப் பழைய பெரிய வால்வு றேடியோவையும் அப்பிடிக் கேட்டிருக்கலாமே?"

முடியாது. ஏன் என்பதில் எங்கள் வன்னியின் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது.

இலங்கையில் வானொலியைத் தொடக்கிவைத்தவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர். அமெச்சூர் வானொலிக்காரரைச் சேர்த்து இங்கே கழகம் அமைத்தவரும் அவர்தான். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. அன்று திரான்சிற்றர் வரவில்லை; வால்வுக் காலம்.

வால்வுக்குப் பசி அதிகம். வீட்டு றேடியோ ஒன்றுக்கு 250 வோல்ற்றில் 70 மில்லி அம்பியர் வேண்டுமென்றால், அதுவே 17.5 வாற். வால்வுகளின் இழைகளைச் சூடாக்க இன்னும் 8 வாற் வரை, சீராக்கி வால்வுக்கு 10 வாற். கூட்டினால் 35 தாண்டும். நிலைமாற்றி சூடேறாமல் இருக்க 50 வாற் அளவில் சுற்றவேண்டும். அமெச்சூர்கள் விரும்பிய 807 வால்வுக்கோ 600 வோல்ற்றில் 100 மில்லி அம்பியர், தனியே 60 வாற்! மோர்ஸ் தட்டுபவர் விட்டு விட்டுத் தட்டுவதால் கொஞ்சம் சிறிய நிலைமாற்றியும் தாங்கும்; தொடர்ந்து பேசுபவருக்குத் தாங்காது.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற். அவ்வளவுதான்.

1990 ஜூனில் போர் திரும்பவும் மூண்டது. வன்னிக்கு மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைப் பட்டியலில். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். நாலு பற்றரி திரான்சிற்றர் றேடியோவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்தால் அரை வாற்றே போதும். டைனமோ தருவது ஆடலோட்டம். நாலு இருவாயிகளால் நேரோட்டமாக்கி, இரைச்சல் அடங்க ஒரு கொள்ளளவியும் போடவேண்டும். வேகமாகச் சுற்றினால் வோல்ற்றளவு ஏறி றேடியோ கருகிவிடும். அதனால் சுற்றுகிறவனுக்கு நிதானம் வேண்டும். செய்தி சூடாகும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். புத்தளம் முகாம்களில் எங்கள் வாப்பாமார் கடையில் பற்றரி வாங்கிப் போட்டு, அதே தமிழோசையில் முல்லைத்தீவின் பெயர் வருகிறதா என்று காத்திருந்தார்கள். இங்கே பெடல் சுற்றிய அயலவரும் அதே குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து குடியேறிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

பற்றரியே வராத ஊரில் அந்த இருவாயிகளை எங்கிருந்து கழற்றினீர்கள், யார் பற்றுவைத்துத் தந்தார்கள்? தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதுங்கள். யார் வீட்டிலாவது அப்படியொரு டைனமோ றேடியோ மிச்சமிருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறோம். சைக்கிள் எங்களிடம் இருக்கிறது.