பாரமும் சுமையும்: கிரேட் மிசென்டன் குடும்பமொன்றின் வரலாறு

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை (மாற்கு 2:1-12) நாம் பிரசங்கிக்குந்தோறும் அந்நால்வரின் விசுவாசத்தைப் பாராட்டிப் பேசுகிறோம். ஆனால் அவர்களுடைய வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. உடனே எழுந்து நடவாத ஒருவரை ஆண்டுக்கணக்கில் சுமக்க நேரிடும் குடும்பத்தாரைக் குறித்து நமது ஆயர்பணிப் பாடங்கள் அதிகம் பேசுவதில்லை. அத்தகைய குடும்பமொன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். அது பக்தியிற் சிறந்த குடும்பமென்று சொல்வதற்கில்லை; சபையின் போதனையில் நம்பிக்கை தளர்ந்த ஒருவரே அதன் தலைவர். நாம் அதை ஊன்றி நோக்க வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்ரிசியா நீல் அமெரிக்க நடிகை. 1964இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றவர். அவர் கணவர் ரோல்ட் டால், சிறுவர் நூல்களால் உலகப் புகழ் எய்திய ஆங்கில எழுத்தாளர். இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் கிரேட் மிசென்டன் என்னும் சிற்றூரில் அவர்கள் குடியிருந்தனர். 1965 பிப்ரவரி 17ஆம் நாள், சீன நாட்டு மிஷன் நிலையமொன்றைக் களமாகக் கொண்ட திரைப்படத்தில் நடிப்பதற்காக லாஸ் ஏஞ்சலிஸில் தங்கியிருந்தபோது, நீலின் மூளையில் இரத்தக்குழாய்ப் புடைப்பு வெடித்தது. அப்போது அவருக்கு வயது 39, கர்ப்பிணியாகவும் இருந்தார். நீண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது வலப்பக்கம் செயலிழந்திருந்தது, பேச்சு அற்றுப்போயிருந்தது, எண்ணவும் படிக்கவும் இயலவில்லை.

இக்குடும்பத்துக்கு இது முதல் இடி அன்று. 1960 டிசம்பரில், நான்கு மாதக் கைக்குழந்தையான மகன் தியோவின் தள்ளுவண்டி மீது நியூயார்க்கில் டாக்சி ஒன்று மோதி, குழந்தையின் மூளையில் நீர் தேங்கலாயிற்று. நீரை வடிக்கும் குழாய் அடிக்கடி அடைபட்டதால் டால், ஸ்டான்லி வேட் என்ற பொறியியல் வல்லுநரையும் கென்னத் டில் என்ற மூளை அறுவை மருத்துவரையும் கூட்டி, புதிய அடைப்பிதழ் ஒன்றை உருவாக்கச் செய்தார். 1962 நவம்பரில் மூத்த மகள் ஒலிவியா ஏழு வயதில் தட்டம்மையால் உண்டான மூளையழற்சியில் இறந்தாள்.

இவ்விடத்தில் ஆயர்களாகிய நாம் சற்று நிற்க வேண்டும். துயரத்தில் ஆழ்ந்த டால், ரெப்டன் பள்ளியில் தமக்குத் தலைமையாசிரியராக இருந்தவரும் பின்னர் 1945 முதல் 1961 வரை கேன்டர்பரித் தலைமைப் பேராயராக விளங்கியவருமான ஜெப்ரி பிஷரை நாடிச் சென்றார். ஒலிவியா பரதீசில் இருக்கிறாள் என்றார் பேராயர். அவள் நேசித்த நாயும் அங்கே அவளோடு சேருமா என்ற கேள்விக்கு, சேராது என்று உறுதியாக விடையிறுத்தார் என்றும், அந்த உறுதியே தம்மைச் சபையினின்று விலக்கியது என்றும் டால் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இதற்கு டாலின் சாட்சியத்தையே நாம் நம்பியிருக்கிறோம். அவருடைய நினைவோ எப்போதும் பிழையற்றதன்று. 1984இல் வெளிவந்த 'பாய்' என்னும் நூலில் ஒரு கொடிய பிரம்படியைப் பிஷர் மீது அவர் சுமத்தினார். அது பிஷர் ரெப்டனை விட்டுச் சென்ற பின் நடந்தது என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் காட்டியுள்ளார். ஆயினும் பேராயரிடம் சென்று ஆறுதலின்றித் திரும்பியதாக ஒரு தகப்பன் உணர்ந்தான் என்பது மட்டும் உண்மை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல ஆயர்களாகவே இருந்தனர் என்பது நமது கருத்து.

1965 மே மாதத்தில் நீல் கிரேட் மிசென்டனுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 4ஆம் நாள் லூசி என்னும் மகள் நலமே பிறந்தாள். பேச்சுப் பயிற்சி என்பது அக்காலத்தில் சிறிதளவே கிடைத்தது. அதற்குப் பின் எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளி சுவரை நோக்கியிருப்பதை டால் பொறுக்கவில்லை. அண்டை அயலாரை முறைவைத்து வரவழைத்தார். அவர்கள் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்றவரும் அல்லர். சிறுவர் புத்தகத்தை வாசிக்கச் செய்வர்; சிறு கணக்குப் போடச் செய்வர்; சொற்புதிர் கொடுப்பர்; ஒருவர் எழுந்து செல்ல மற்றொருவர் வந்து அமர்வார். நீல் சொல் கிடைக்காதபோது புதுச்சொல் புனைந்தார். அச்சொற்களின் எதிரொலியை 1982இல் டால் படைத்த 'பி.எஃப்.ஜி.' என்னும் இராட்சதனின் பேச்சில் கேட்கலாம் என்று நரம்பியல் பேராசிரியர் டாம் சாலமன் கருதுகிறார்.

அயலாருள் வாலரி ஈட்டன் கிரிபித் என்னும் பெண்மணி நீலோடு நெடுங்காலம் அமர்ந்து உழைத்தார். நோயாளியின் விருப்பு வெறுப்பு எவை, எதைக் கண்டால் அவர் முகம் மலர்கிறது, எப்போது களைக்கிறார் என்பவற்றை அறிந்து பாடத்தை அதற்கேற்ப மாற்றினார். 1967 மார்ச்சில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக நியூயார்க்கில் நடந்த விருந்துக் கூட்டத்தில் நீல் நின்று உரையாற்றினார். அவ்வுரைக்கு அவரை ஆயத்தப்படுத்தியவர் கிரிபித்தே. 1968இல் நீல் மீண்டும் திரைப்படத்தில் நடித்தார். கிரிபித் தம் அனுபவத்தை 1970இல் நூலாக்கினார். 1973இல் பிரிட்டனில் நிறுவப்பட்ட பக்கவாதத் தொண்டர் திட்டம் அவருடைய முயற்சியில் முளைத்ததாகும். பேச்சிழந்தோருக்கு அடிக்கடியும் நீடித்தும் அளிக்கப்படும் பயிற்சி பயன் தரும் என்பதை இன்று மருத்துவ உலகம் ஏற்கிறது. அச்சிற்றூரின் வரவேற்பறை அதனை முன்னரே கண்டிருந்தது.

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. வேண்டிய பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டாலன்றி டால் கொடுக்கமாட்டார். நீல் அழுதார்; சினந்தார்; சாக விரும்பினார். 1988இல் வெளிவந்த தன்வரலாற்றில், அவரை அடிமைகளை வேலை வாங்குகிறவராகவே கண்டதாகவும், நியூயார்க் மேடையில் நின்றபோதோ, தம்மை மீண்டும் ஆழ்நீரில் தள்ளி நீந்த வைத்தவர் அவரே என்று உணர்ந்ததாகவும் கூறுகிறார். நன்றியும் காயமும் அந்நூலில் அருகருகே கிடக்கின்றன. தாயின் தலையில் நோய் வெடித்த வேளையில் அருகிருந்த மூத்த மகளுக்கு வயது ஏழு. அவளுக்காக முறைவைத்து வந்து அமர்ந்தவர் எவருமிலர். நோயாளியைச் சூழ்ந்து நிற்கும் வீட்டில் பிள்ளைகளை எவரும் கேட்பதில்லை. ஆயர் சந்திப்புகளிலும் நாம் இதைக் கண்டிருக்கிறோம்.

கலாத்தியர் 6:2, 6:5 ஆகிய இரு வசனங்களிலும் நமது பழைய மொழிபெயர்ப்பு 'பாரம்' என்ற ஒரே சொல்லை ஆளுகிறது. மூலத்திலோ இரு சொற்கள்: முன்னது 'பாரோஸ்', நசுக்கும் பாரம், பின்னது 'போர்ட்டியான்', அவரவர் தோளில் ஏற்றிய சுமை. டால் இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்றார் என்று நாம் சொல்லத் துணிகிறோம். மனைவியின் நாவை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவருக்காகப் பேசவில்லை. ஆயினும் எது நசுக்கும் பாரம், எது சுமக்கத்தக்க சுமை என்பதைப் படுத்திருப்பவரிடம் கேளாமல் நிற்பவர் ஒருவரே தீர்மானித்த நாட்கள் பல. கிரிபித் கேட்டறிந்து தீர்மானித்தார். வேறுபாடு அங்கேதான்.

அம்மணவாழ்வு 1983இல் முறிந்தது. நீல் அமெரிக்காவுக்குச் சென்றார். அவர் பெயரால் 1978இல் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு மையத்துக்குப் போய், பக்கவாத நோயாளிகளோடு உரையாடி வந்தார். கனெடிக்கட் மாநிலத்திலுள்ள பெனடிக்டைன் பெண்துறவியர் மடமொன்றோடு பல்லாண்டு தொடர்பு வைத்திருந்து, 2010இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் மரித்து, அம்மடத்தின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.