ஆரும் ஆதித்தனும்

ஆற்காடு என்று இன்று நாம் வல்லின றகரமிட்டு எழுதும் ஊர்ப்பெயரைச் சற்றே நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். பாலாற்றங்கரையில் ஆறு முனிவர்கள் தவமிருந்த ஆறு காடுகள் என்றொரு விளக்கம் உண்டு. ‘ஷடாரண்யம்’ என்ற வடமொழிப் பெயரும் அதற்கு அமைந்துவிட்டது. ஆனால் எண்ணுப்பெயராகிய ஆறு காட்டோடு புணர்ந்தால், அறுசுவை, அறுபடை என்பவற்றைப் போல அறுகாடு என்றல்லவா குறுகியிருக்கும்? நீரோடும் ஆறாயின் ஆற்றுக்காடு என்றாகும். மிஞ்சி நிற்பது ஆர், அதாவது ஆத்தி. ஆர்க்காடு, ஆத்திமரக் காடு. நற்றிணையில் ஆர்க்காடு என்ற பெயர் இந்த இடையின ரகரத்தோடு சோழரைச் சார்ந்தும் வருகிறது. அது எந்த ஆர்க்காடு என்பதில் அறிஞர் வேறுபட்டாலும் சொல் ஒன்றே.

ஆர் சோழரின் குடிப்பூ. சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. மண்ணில் வேர்விட்ட இந்த மூன்று அடையாளங்களும் எனக்கு மிக உவப்பானவை. ஆனால் சோழர்க்கு மரம் போதவில்லை. வானத்திலும் ஒரு மூதாதை வேண்டியிருந்தது.

அந்த ஏற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. செம்பியன் என்ற சோழர் பெயரைச் சிபியின் வழிவந்தவன் என்றே பெரும்பாலும் கொள்வர். நம் செவிக்கோ அதில் செம்மையும் சேர்ந்தே ஒலிக்கிறது. புறநானூற்றில் புறாவுக்காகத் தன்னையே தந்த முன்னோனாகச் சிபி போற்றப்படுகிறான். அங்கே முன்னிற்பது புறா. மணிமேகலைப் பதிகத்தில் காந்தமன் என்ற சோழன் கதிரவன் குலத்தவனாகிறான். அரக்கோணத்துக்கு அருகே திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகளிலோ, ஞாயிற்றில் தொடங்கி மனு, இக்குவாகு, சிபி என்று இறங்கிச் சோழன் என்றே பெயர்கொண்ட ஒருவனைத் தொட்டு, அதன்பிறகே வரலாற்று மன்னரை அடைகிறது வடமொழிப் பகுதி. கற்பனைதான், ஆயினும் எத்துணை நுட்பமாகத் தொடுத்த கற்பனை!

குலக்கதை பெயராகவும் இறங்கியது. அதிதியின் மகன் எனப் பொருள்படும் ‘ஆதித்ய’ என்ற வடசொல், நித்யம் நித்தமானதுபோல் யகரத்தைத் தகரத்துள் கரைத்து ஆதித்தன் ஆயிற்று. ஆத்தியும் ஆதித்தனும் அடுத்தடுத்து ஒலிக்கும்போது உறவினர்போலத் தோன்றும். உறவேதுமில்லை, ஒன்று மரம், மற்றது இரவல். பல்லவரை வென்றவன் முதலாம் ஆதித்தன். அவன் பெயரன் இராசாதித்தன், 949-இல் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையோடு பொருது, யானைமீதிருந்தபடியே உயிர்நீத்தான். ‘ஆனைமேல் துஞ்சினார்’ என்று அவனைக் குறிக்கும் வழக்கில், வீழ்ந்தான் என்னாமல் துஞ்சினான் என்ற அந்த மென்மையைக் கவனியுங்கள்.

தோல்விக்குப் பின்னும் கதிரவன் பெயர்கள் தொடர்ந்தன. பழைய தென்னார்க்காட்டுத் தாதாபுரத்தில் சோழ இளவரசி குந்தவை எடுப்பித்த கோயில் இரவிகுலமாணிக்க ஈசுவரம். அரசர்க்கும் கோயிலுக்கும் ஆதித்தனும் இரவியும் பெயரானார்கள். அதே சோழர் கல்வெட்டுகள் கொடை தந்த நாளைக் குறிக்கையில் மட்டும், நாம் இன்றும் சொல்வதுபோலவே, ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று எழுதின.